கண்காட்சி மண்டபத்தில் பணியாளர்களோடு பொறுமையாக நடந்துகொள்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோலாலம்பூரிலும் பினாங்கிலும் வணிகக் கண்காட்சிகளில் பூத் எடுக்கும் நம் சிறுதொழில் வணிகர்களுக்குப் பதிவு, விண்ணப்பப் பாரங்கள், சரக்கு ஏற்றி இறக்குவது போன்றவற்றில் உதவி வருகிறேன். முறுக்கு, மசாலாத் தூள், சேலை, மூலிகை எண்ணெய் விற்பவர்கள்தான் அதிகம். பொருளை எப்படி விற்பது என்று அவர்கள் என்னிடம் கேட்பது குறைவு. மண்டபத்தில் வேலை செய்பவர்களை எப்படிச் சமாளிப்பது என்றுதான் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அந்தக் கேள்விகளை அவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன்.

அக்கா, முதல் தடவை பூத் போடறேன். உள்ளே போனா யார் யார் இருப்பாங்க? எதுக்கு யாரைக் கேக்கணும்?

முதலில் மண்டபத்தின் நிர்வாகம். கேஎல்சிசி கன்வென்ஷன் சென்டர், ஜாலான் டூத்தாமாஸில் உள்ள மைடெக், முன்பு புத்ரா உலக வாணிப மையம் என்றிருந்த கோலாலம்பூர் உலக வாணிப மையம், பினாங்கு பாயான் பாருவில் உள்ள செத்தியா ஸ்பைஸ் என்று ஒவ்வொன்றுக்கும் சொந்த நிர்வாகம் உண்டு. அவர்களிடம் மண்டபத்தை வாடகைக்கு எடுத்துக் கண்காட்சி நடத்துபவர் ஏற்பாட்டாளர். நீங்கள் பணம் கட்டியது இவரிடம். பூத் சுவர், விளக்கு, மின்சாரம், மேசை நாற்காலி எல்லாம் செய்து தர ஏற்பாட்டாளர் ஒரு குத்தகையாளரை நியமிப்பார். அந்தக் குத்தகையாளர் வேலையைப் பிரித்து இன்னும் சில சிறு குத்தகையாளர்களிடம் கொடுப்பார். பாதுகாவலர்களும் துப்புரவுப் பணியாளர்களும் பெரும்பாலும் வேறு நிறுவனங்களின் ஆட்கள்.

ஆகவே உங்கள் பூத்துக்கு ஏணியோடு வந்து நிற்பவர் நான்காவது அடுக்கில் இருப்பவர். அவருக்குக் கொடுத்த தாளில் உள்ளதைச் செய்ய மட்டும்தான் அவருக்கு அனுமதி. அவரிடம் "நான் இவ்வளவு பணம் கட்டியிருக்கிறேன்" என்று சத்தம் போடுவது, கல்யாணத்தில் பந்தி பரிமாறும் பையனிடம் மண்டப வாடகையைப் பேசுவது போன்றது. பூத்தில் பொருள் குறைந்தால் குத்தகையாளரின் சேவை முகப்பு. இடம், அனுமதி அட்டை, பக்கத்து பூத்தோடு தகராறு என்றால் ஏற்பாட்டாளரின் அலுவலகம். கழிப்பறை, குளிர்சாதனம், மின்தூக்கி என்றாலும் ஏற்பாட்டாளரிடமே சொல்லுங்கள், அவர் மண்டப நிர்வாகத்திடம் சொல்வார்.

எக்ஸிபிட்டர் மேனுவல்னு பெரிய பிடிஎஃப் ஒண்ணு அனுப்பிருக்காங்க. அதெல்லாம் படிக்கணுமா?

பூத் எடுப்பவர்களுக்கு ஏற்பாட்டாளர் அனுப்பும் விதிக் கையேடு அது. முழுவதும் படிக்க நேரமில்லை என்றால் மூன்று பகுதிகளையாவது படியுங்கள்: பொருள் கேட்கும் பாரங்களும் அவற்றின் கடைசித் தேதியும், மின்சாரம் பற்றிய விதிகள், பூத்தைக் கட்டும் கட்டுமான நாள் மற்றும் அதைப் பிரிக்கும் நாளின் நேரங்கள். கடைசித் தேதிக்குப் பிறகு கேட்டால் 30 அல்லது 50 விழுக்காடு கூடுதல் கட்டணம் போடுவது சாதாரணம். மண்டபத்துக்கு வந்த பிறகு கேட்டால் இன்னும் ஏறும், பொருள் கையிருப்பு இருந்தால்தான் கிடைக்கும்.

நான் பார்த்த வாக்குவாதங்களில் பெரும்பகுதி இந்தக் கையேட்டைத் திறக்காததால் வந்தவை. அனுப்பிய பாரங்களையும் பணம் கட்டிய ரசீதையும் தாளில் அச்செடுத்து ஒரு கோப்பில் வையுங்கள். கைப்பேசியில் இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கும்போதுதான் இரண்டு பக்கமும் பொறுமை போகிறது.

ஒரு பிளக் பாயிண்ட்தான் இருக்கு. கெட்டில், இன்டக்‌ஷன் அடுப்பு ரெண்டையும் போட்டா எலெக்ட்ரிஷன் வந்து கத்துறாரு. இதுல என்ன தப்பு?

கொஞ்சம் கணக்குப் பார்ப்போம். நம் நாட்டில் 230 வோல்ட். 13 ஆம்பியர் சாக்கெட் முழுத் திறனில் கிட்டத்தட்ட 3,000 வாட் தாங்கும். இன்டக்‌ஷன் அடுப்பு 2,000 வாட், கெட்டில் ஏறக்குறைய அதே அளவு. இரண்டும் சேர்ந்தால் அப்போதே மீறிவிட்டது. அதற்கும் மேலாக, 3 மீட்டருக்கு 3 மீட்டர் அடிப்படை பூத்தோடு வரும் சாக்கெட்டுக்கு 500 வாட் வரைதான் அனுமதி என்று பல கையேடுகளில் போட்டிருக்கும். கைப்பேசி சார்ஜர், சின்னத் திரை, மடிக்கணினிக்கு அது போதும், அடுப்புக்குப் போதாது.

ஒரே மின்சுற்றில் பல பூத்துகளை இணைத்திருப்பார்கள். உங்கள் கெட்டிலால் மின்துண்டிப்பு ஏற்பட்டால் வரிசை முழுக்க இருட்டாகும். எலெக்ட்ரிஷன் ஓடி வந்து ஒவ்வொன்றாகத் தேட வேண்டும், எல்லாரும் அவரைத்தான் திட்டுவார்கள். மின்கம்பி வேலை செய்ய எரிசக்தி ஆணையத்தின் தகுதிச் சான்று வேண்டும். விதியை மீறி இணைப்புக் கொடுத்து ஏதாவது நடந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். அதனால் சமைத்துக் காட்டப் போகிறீர்கள் என்றால் அதற்கான தனி இணைப்பை முன்கூட்டியே பாரத்தில் கேளுங்கள்.

இன்னொன்று, இது நம் உணவு வணிகர்கள் பலருக்குத் தெரியாது: இரவு மண்டபம் மூடியதும் மின்சாரத்தை நிறுத்திவிடுவார்கள். உறைய வைத்த பரோட்டா, ஐஸ்கிரீம், தயிர் வைத்திருப்பவர்கள் 24 மணி நேர இணைப்பைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். காலையில் வந்து எல்லாம் கரைந்து கிடப்பதைப் பார்த்துவிட்டுப் பாதுகாவலரிடம் கோபப்பட்டால் அவர் என்ன செய்வார், பாவம்.

வேலை செய்றவங்களை எப்படிக் கூப்பிடறது? பேரும் தெரியாது.

கழுத்தில் அட்டை தொங்கும், முதலில் அதைப் பாருங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எந்த நாட்டுக்காரருக்கும் முகம் மலரும். பெயர் தெரியாவிட்டால் மலாய்க்காரர்களை பாங் (அண்ணன்), காக் (அக்கா) என்றும், வங்காளதேசத்துத் தொழிலாளர்களை பாய் என்றும் கூப்பிடலாம். அந்நிய நாட்டுப் பாதுகாவலர்கள் நேப்பாளத்தவர்களாகத்தான் இருப்பார்கள், நம் அரசாங்கம் அவர்களுக்கு மட்டுமே அந்த வேலைக்கு அனுமதி தருகிறது. அவர்களை தாஜூ என்றால் நம் அண்ணன் போல.

"ஓய் பங்களா" என்று கூப்பிடுவதையும் விசில் அடிப்பதையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். நம் பாட்டனார்களும் தோட்டத்தில் பெயரில்லாமல் கூப்பிடப்பட்டவர்கள்தானே.

எனக்கு மலாய் அவ்வளவா வராது. நான் சொல்றது அவருக்குப் புரியல, அவர் சொல்றது எனக்குப் புரியல. அதுலயே டென்ஷன் ஆயிடுது.

சத்தமாகச் சொன்னால் புரியும் என்று நினைக்காதீர்கள். காட்டுங்கள். முதல் நாளே பூத்தின் படத்தை ஒரு தாளில் வரைந்து, விளக்கு எங்கே, சாக்கெட் எங்கே, பலகை எங்கே என்று குறித்து, பூத் எண்ணைப் பெரிதாக எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். தரையிலும் வண்ண டேப்பால் குறியிடலாம். நீங்கள் சாப்பிடப் போயிருந்தாலும் வேலை சரியாக நடக்கும்.

"செக்கெஜாப்" (கொஞ்ச நேரம்) என்று பதில் வந்தால் அதோடு விடாமல், "புக்குல் பெராப்பா, பாங்?" (எத்தனை மணிக்கு, அண்ணா?) என்று சிரித்த முகத்தோடு மணியைக் கேட்டு வாங்குங்கள். அவர் சொன்ன மணியை அவர் முன்னாலேயே தாளில் எழுதுங்கள்.

ஸ்பாட்லைட் இன்னும் வரல. மூணு தடவை சொல்லிட்டேன். இன்னும் எவ்வளவு நேரம் பொறுமையா இருக்கறது?

மூன்று தடவை யாரிடம் சொன்னீர்கள்? அந்தப் பக்கம் நடந்து போன மூன்று வெவ்வேறு ஆட்களிடம் என்றால், அது யாரிடமும் சொல்லாததற்குச் சமம். முதல் கேள்வியில் சொன்ன சேவை முகப்புக்குப் போங்கள். பூத் எண், பாரத்தின் தேதி, குறையும் பொருள், எண்ணிக்கை, இந்த நான்கையும் சொல்லுங்கள். அங்கே புகாரைப் பதிவு செய்து எண் கொடுப்பார்கள். கொடுக்காவிட்டால் பேசியவரின் பெயரையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அவர் சொன்ன நேரம் வரை உங்கள் வேலையைப் பாருங்கள். நேரம் தாண்டினால் அதே ஆளிடம் போய், அதே குரலில் கேளுங்கள். இரண்டாவது தடவையும் தவறினால் ஏற்பாட்டாளரிடம் போங்கள்.

கட்டுமான நாளில் மண்டபத்தில் குளிர்சாதனம் பெரும்பாலும் ஓடாது. சரக்கு இறக்கும் கதவுகள் திறந்தே கிடக்கும், உள்ளே புழுக்கம் தாங்காது. முந்தைய நிகழ்ச்சி முடிந்து அதைப் பிரித்த கையோடு உங்களுடையதைக் கட்ட வந்திருப்பார்கள், இரவு தூங்கியிருக்க மாட்டார்கள். இதைத் தெரிந்துகொண்டு பேசினால் குரல் தானாகவே தணியும்.

பக்கத்து பூத்காரர் கத்துனாரு, அவருக்கு உடனே வந்துச்சு. பொறுமையா இருந்த நான் ஏமாளியா?

இந்தக் கேள்வியில் உள்ள வலி எனக்குப் புரிகிறது. சில நேரம் கத்துபவருக்கு முதலில் வேலை நடக்கும் என்பது உண்மை, அதை மறைத்து உங்களுக்கு ஆறுதல் சொல்ல விரும்பவில்லை. குத்தகையாளரின் மேற்பார்வையாளர் சத்தத்தை நிறுத்த வேண்டுமே என்று ஆளை அனுப்பியிருப்பார்.

ஆனால் கட்டுவது, மூன்று நான்கு நாள் கண்காட்சி, பிரிப்பது என்று அதே ஆட்களோடு ஒரு வாரம் இருக்கப் போகிறீர்கள். கத்தியவரின் பூத்தில் தாளில் உள்ளதை மட்டும் செய்துவிட்டுப் போவார்கள். இரண்டாம் நாள் பெயர்ப்பலகை சாய்ந்தால் அதைப் பார்த்தும் பார்க்காததுபோல் போவார்கள். மரியாதையாகப் பேசியவரின் பூத்துக்கு வரும்போது "கா, இந்த வயர் கால்ல மாட்டும்" என்று கேட்காமலே குனிந்து டேப் ஒட்டுவார்கள். கண்காட்சிக்குக் கண்காட்சி இதைப் பார்த்து வருகிறேன். இந்த ஊரில் மண்டபங்கள் சில, குத்தகையாளர்களும் கொஞ்சம் பேர்தான். அடுத்த ஆண்டும் அதே முகங்களைத்தான் பார்ப்பீர்கள்.

அப்புறம், பொறுமை என்றால் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருப்பது என்று யாரோ நமக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டார்கள். போன பதிலில் சொன்னபடி நேரத்துக்கு நேரம் போய் நிற்பவர் ஏமாளி இல்லை. முகப்பில் உள்ள பெண்ணுக்கு அவர் பூத் எண் மனப்பாடமாகிவிடும்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் முகப்புல ஒருத்தரும் இல்லை. இப்படியா வேலை செய்வாங்க?

ஜும்மா தொழுகை நேரம் அது. பன்னிரண்டரையிலிருந்து இரண்டே முக்கால் வரை எந்த அவசர வேலையையும் எதிர்பார்க்காதீர்கள். முஸ்லிம் அல்லாத பணியாளர் இருந்தாலும், கையெழுத்துப் போட வேண்டியவர் போயிருப்பார். வேண்டியதைப் பதினொன்றரைக்கு முன்பே கேட்டுவிடுங்கள். நோன்பு மாதத்தில் கண்காட்சி வந்தால், கனமான வேலைகளைக் காலையில் வையுங்கள், நோன்பு திறக்கும் மாலை ஏழு மணியை ஒட்டி யாரையும் வரச் சொல்லாதீர்கள்.

கட்டுமான நாள்ல பிள்ளையைக் கூட்டிட்டுப் போனேன். கார்டு உள்ளேயே விடல. குடும்பத் தொழில்தானே, பிள்ளையை எங்கே விடறது?

அன்று உள்ளே போர்க்லிப்ட் ஓடும், ஏணி மேல் ஆள் நிற்பார், பலகைகள் சாய்த்து வைத்திருக்கும். சிறு பிள்ளைகளுக்கு அனுமதி இல்லை என்பது கையேட்டிலேயே இருக்கும். செருப்போடு வந்தாலும் சில இடங்களில் நிறுத்துவார்கள். பாதுகாவலரிடம் கெஞ்சி வாதாடி அவரைச் சங்கடத்தில் விடாதீர்கள். ஒருவரை மறுத்து இன்னொருவரை விட்டார் என்றால் அவருக்குத்தான் எச்சரிக்கைக் கடிதம் வரும். பிள்ளைக்கு அன்று வேறு ஏற்பாடு செய்யுங்கள்.

முதல் நாள் சாமி கும்பிட்டு ஆரம்பிக்கணும். சாம்பிராணி, கற்பூரம் எதுவும் விட மாட்றாங்க. நம்ம வழக்கத்தை மதிக்கல போலிருக்கே?

இது மத விஷயம் இல்லை. மூடிய மண்டபத்தில் திறந்த நெருப்புக்கும் புகைக்கும் எல்லாருக்குமே தடை, ஊதுபத்தி விற்பவரும் உள்ளே கொளுத்திக் காட்ட முடியாது. கூரையில் புகை உணரும் கருவிகள் உள்ளன. பெரிய கட்டடங்களில் அந்த எச்சரிக்கை மணி தீயணைப்பு மீட்புப் படையோடு இணைந்திருக்கும். ஒரு சாம்பிராணிப் புகைக்கு மண்டபமே காலியாகலாம்.

வீட்டிலோ கோயிலிலோ பூசையை முடித்துவிட்டு வாருங்கள். பூத்தில் சாமி படம், பூ, மின்விளக்குக் குத்துவிளக்கு வைக்கலாம், ஒருவரும் தடுக்க மாட்டார்கள். தேங்காய் உடைப்பதை வெளியே வைத்துக்கொள்ளுங்கள். தடுக்க வந்த பாதுகாவலரிடம் "சரி பாங், ஏற்ற மாட்டோம்" என்று சொல்லிவிடுங்கள்.

முகப்புல இருக்கறது நம்ம தமிழ்ப் பையன். அவன்கிட்ட சொல்லி கொஞ்சம் சீக்கிரம் முடிச்சுக்கலாமா?

தமிழில் விளக்கம் கேட்கலாம், அது பெரிய உதவி. வரிசையைத் தாண்டச் சொல்லிக் கேட்காதீர்கள். "நம்ம ஆளுதானே" என்று பத்துப் பேர் வந்து நின்றால் மேலதிகாரி முன்னால் அந்தத் தம்பியின் நிலைமை என்ன? மறுத்தால் நம்மவர்களே "பெரிய இவன்" என்று பேசுகிறார்கள், அதையும் கேட்டிருக்கிறேன். மற்றவர்களிடம் காட்டும் மரியாதையில் ஒரு பிடி அதிகமாகவே அவரிடம் காட்டுங்கள். அவனே இவனே என்பதையும் தவிர்க்கலாம்.

ஒரு அம்பது வெள்ளி கையில வச்சா வேலை நடக்கும்னு சொல்றாங்களே?

வேலைக்கு முன்னால், வரிசையைத் தாண்ட, கூடுதல் சாக்கெட் கள்ளத்தனமாகப் போட என்று கொடுத்தால் அது கையூட்டு. 2009ஆம் ஆண்டின் ஊழல் தடுப்பு ஆணையச் சட்டம் தனியார் துறைக்கும் பொருந்தும். 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ள 17ஏ பிரிவின்படி, நிறுவனத்தின் லாபத்துக்காக அதன் ஆள் கொடுத்த கையூட்டுக்கு நிறுவனமே குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரலாம்.

எல்லாம் முடிந்த பிறகு குளிர்ந்த தண்ணீர், தே தாரிக், உங்கள் முறுக்குப் பொட்டலம் கொடுப்பதில் தவறில்லை. ஒருவருக்குக் கொடுத்தால் கூட வந்த குழுவுக்கும் கொடுங்கள், எல்லாரும் பார்க்கும்படி கொடுங்கள். முஸ்லிம் சகோதரர்களுக்குக் கொடுக்கும் பொருளில் ஹலால் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

காலையில வந்து பாத்தா காலிப் பெட்டியெல்லாம் துப்புரவு அக்கா தூக்கிப் போட்டுட்டாங்க. உள்ளே சாம்பிளும் இருந்துச்சு. விடலாமா?

நடைபாதையில் இருப்பதெல்லாம் குப்பை என்றுதான் அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். நடைபாதை தீ விபத்து நேரத்தில் வெளியேறும் வழி, அங்கே பெட்டி இருந்தால் அவர்களுக்குத் திட்டு விழும். உடனே பாதுகாவலரையோ ஏற்பாட்டாளரையோ கேட்டுக் குப்பைக் கொள்கலன் எங்கே என்று தெரிந்துகொள்ளுங்கள். சரக்கு இறக்கும் தளத்தில் அது இன்னும் ஏற்றப்படாமல் இருக்கலாம். அந்த அக்காவையே துணைக்குக் கூப்பிடுங்கள், எந்தப் பை எங்கே போனது என்று அவருக்குத்தான் தெரியும்.

இனிமேல் பெட்டிகளைப் பூத்துக்குள்ளேயே, மேசைத் துணிக்குக் கீழே வையுங்கள். "ஜாங்கான் புவாங்" (வீசாதீர்கள்) என்று பெரிதாக எழுதி ஒட்டுங்கள்.

எல்லாருக்கும் வந்துட்டுப் போறாங்க, நம்மளை மட்டும் இந்தியன்னு கடைசியா வச்சிருக்காங்க போல. அதுக்கும் பொறுமையா?

முதலில் சரிபார்க்க வேண்டும். வேலை பொதுவாக மண்டப வரிசைப்படியோ, பாரம் வந்த தேதிப்படியோ நடக்கும். உங்கள் வரிசையில் உள்ள மற்றவர்களிடம் எப்போது பாரம் அனுப்பினார்கள், எப்போது வேலை நடந்தது என்று கேளுங்கள். பல நேரம் விடை அதிலேயே கிடைக்கும்.

வரிசையும் தேதியும் சரியாக இருந்து உங்களை மட்டும் ஒதுக்கியிருந்தால், அல்லது இனத்தைச் சொல்லி ஒரு வார்த்தை விழுந்திருந்தால், பொறுத்துப் போகச் சொல்ல மாட்டேன். பதிலுக்குத் திட்டாமல், சொன்னவரின் பெயர், நேரம், அப்படியே அந்தச் சொற்கள், கேட்டவர் யார் என்று எழுதி, அன்றைக்கே ஏற்பாட்டாளரிடம் நேரில் கொடுங்கள். உங்கள் குரல் தாழ்ந்து இருந்தால்தான் அந்தத் தாளுக்கு எடை இருக்கும்.

அந்த ஆளைப் போட்டோ எடுத்து பேஸ்புக்ல போட்டா பயப்படுவாங்கல்ல?

செய்யாதீர்கள். நம் நாட்டில் அந்நியத் தொழிலாளரின் வேலை அனுமதி அவருடைய முதலாளியோடு கட்டப்பட்டது. வேலை போனால் இங்கே தங்கும் உரிமையும் போய்விடும். உள்ளூர்க்காரராக இருந்தாலும் 1,700 ரிங்கிட் குறைந்தபட்ச ஊதியத்தை ஒட்டிச் சம்பளம் வாங்குபவராக இருப்பார். ஒரு விளக்கு தாமதமானதற்கு அது தண்டனையா? வேலையைப் படம் எடுங்கள், ஆளை எடுக்க வேண்டாம்.

கடைசி நாள் எல்லாரும் விரட்டுறாங்க. சாமான் கட்டக்கூட நேரம் இல்லை.

மறுநாள் வேறு நிகழ்ச்சிக்கு மண்டபத்தை ஒப்படைக்க வேண்டும், தாமதமானால் ஏற்பாட்டாளருக்குக் கூடுதல் வாடகை. அதனால் விரட்டல் மேலிருந்து வருகிறது. கண்காட்சி முடியும் முன்பே பிரிக்கத் தொடங்கக் கூடாது. ஆனால் விற்காத சரக்கை மதியமே கணக்கெடுத்து வைத்துக்கொள்ளலாம். லோரிக்குச் சரக்குத் தளத்தில் எந்த நேரம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று முந்தைய நாளே கேளுங்கள். கோலாலம்பூரிலிருந்து பினாங்குக்கு லோரி வர வேண்டும் என்றால் பாலத்து நெரிசலுக்கும் சேர்த்து நேரம் வையுங்கள்.

ஒட்டியதை எல்லாம் நீங்களே உரித்துவிடுங்கள். சுவர்ப் பலகையில் ஆணி, துளை, பசை இருந்தால் பலகைக்கு இவ்வளவு என்று கட்டணம் வரும். பலகையைக் கழற்ற வந்தவரிடம் அதைப் பற்றி வாதாடிப் பயன் இல்லை.

பொறுமையா இருந்தேன், எழுதியும் குடுத்தேன். ரெண்டு நாள் விளக்கே இல்லாம வியாபாரம் போச்சு. நஷ்ட ஈடு கேக்கலாமா?

கேளுங்கள், அது உங்கள் உரிமை. ஆனால் எதைக் கேட்பது என்று தெளிவாக இருங்கள். விற்பனை இழப்புக்குப் பொறுப்பில்லை என்று பெரும்பாலான ஒப்பந்தங்களில் எழுதியிருக்கும். வராத பொருளுக்கும் கிடைக்காத சேவைக்கும் கட்டிய பணத்தைத் திரும்பக் கேட்பதுதான் நிற்கும். பல ஒப்பந்தங்களில், புகார் கண்காட்சி முடிவதற்குள் எழுத்தில் வந்திருக்க வேண்டும் என்ற விதியும் உண்டு. ஆகவே இரண்டாம் நாளே மின்னஞ்சல் அனுப்பி, அதன் நகலில் ஏற்பாட்டாளரின் மேற்பார்வையாளரிடம் பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்குங்கள்.

மின்னஞ்சலில் பாரத்தின் எண், ரசீது, முகப்புக்குப் போன நேரங்கள், விளக்கில்லாத பூத்தின் நேரம் தெரியும் படம் இவை போதும். ஏணியோடு வந்த ஆளின் பெயரை அதில் இழுக்க வேண்டாம். பணத்தைத் திருப்பித் தராவிட்டால் அடுத்த ஆண்டு பூத் கட்டணத்தில் கழித்துக்கொள்ள முடியுமா என்று கேளுங்கள். ரொக்கத்தைவிட அதற்குத்தான் சீக்கிரம் சம்மதிப்பார்கள். சம்மதித்தால் அதையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.